ஒரே மூச்சில் எண்ணியவர்கள்

கும்மிடிப்பூண்டியில் எங்கள் தெருக் கொடிகளில் வெள்ளைத் துணி வெள்ளையாகக் காய்வதில்லை. மாலைக்குள் ஆலைச் சாம்பல் பூத்துவிடும். துணியில் விழுந்தது கண்ணுக்குத் தெரியும். எங்களுக்குள் விழுந்தது அரசு மருத்துவமனையின் நெஞ்சுநோய்ப் பிரிவில்தான் தெரியும். எனக்கு வீசிங். புகைமருந்து இழுக்கக் காத்திருந்த பெஞ்சில், பக்கத்தில் இருந்தவர்களிடம் நம்பர் வாங்கினேன். அப்படிப் பிறந்தது எங்கள் வாட்ஸப் குழு. நான் அட்மின்.

இரண்டே சட்டங்கள். கசாயக் குறிப்புகளை அனுப்பக் கூடாது. தினமும் காலையில் நெஞ்சு நிறைய இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணிக் குரல் பதிவாக அனுப்ப வேண்டும். அது நர்ஸம்மா சொல்லிக்கொடுத்த வழி. வழக்கத்தைவிடக் குறைந்தால் உடனே ஆஸ்பத்திரி. முதல் சட்டத்தை ஒருவரும் மதிக்கவில்லை. இரண்டாவதை விளையாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆரம்பாக்கத்து அம்மா தெலுங்கில் எண்ணுவார்.

"இன்னாம்மா, தெலுங்குல மூச்சு ஜாஸ்தி வருதா?" என்று ஒருவர் சீண்டுவார்.

"நீ பீடிய வுடு நைனா, உனக்கு எல்லா பாஷையிலயும் வரும்."

காலை டீயோடு அந்தக் குரல்களைக் கேட்பேன். எண்களுக்கு நடுவே குக்கர், ரயில், குழாயடிச் சண்டை. எண் முடிகிற இடத்தில், மூச்சு அறுந்து, ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அதில்தான் என் காது.

உருக்காலை ஒன்றில் உலைக்கு அருகே ஒப்பந்த வேலை பார்த்தவரின் பள்ளம்தான் ஆழம். பதினைந்தில் தடுமாறுவார். பிறகு அது பன்னிரண்டு ஆனது. அவர் மனைவி எனக்குப் போன் செய்வாள். "லீவு போட்டா வேற ஆள வெச்சிடுவாங்கன்னு பயந்துகினே போறாருக்கா."

பிறகு, எல்லோருக்கும் குணமாகத் தொடங்கியது.

அந்த வாரம் நான் மகிழ்ந்தேன். ஒவ்வொரு குரலும் நீண்டது. உலைக்காரர் முப்பதைத் தாண்டினார். தாண்டிய மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, டீ ஆறிக்கொண்டிருக்க, ஒன்று உறைத்தது. அவர் இருபதைத் தொடும்போது ஒரு காகம் இருமுறை கரைகிறது. நேற்றும் அதே இடத்தில் கரைந்தது. அதற்கு முந்தைய நாளும். காகத்துக்கு அவ்வளவு ஒழுங்கு கிடையாது.

அவர் மனைவிக்குப் போன் போட்டேன். கேட்டதும் அழுதாள்.

"ஆஸ்பத்திரில புகைமருந்து வெச்சிகினு வந்த அன்னிக்கு நல்லா எண்ணினாருக்கா. அத்த என் போன்ல புடிச்சி வெச்சிருந்தேன். தெனம் அத்தப் போட்டு அவரு போன்ல புடிச்சி அனுப்புறேன். போன உள்ள எடுத்துனு போக வுடமாட்டாங்க, ஊட்லதான் கீது."

"ஏம்மா இப்படி?"

"செம்பருத்திப் பூ போட்டோ வெச்சிகினு கம்முனு ஒருத்தர் கீறாரே, லிங்க்கப் புடிச்சி வந்தவரு. அவருதான் எங்க கம்பெனி மேஸ்திரி. குழுவுல முக்காவாசிப் பேரு அங்கதான் வேல செய்றாங்க. கம்மியா எண்ணுறவங்கள ஒவ்வொருத்தரா கேட்லயே நிறுத்திடறாரு. எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் பழசத்தான் அனுப்புறாங்க. உனக்குத்தான் தெரியாது."

"குழுவை விட்டுப் போயிருக்கலாமே?"

"போனா அதுவுந்தான் தெரியும்."

எல்லாப் பதிவுகளும் என் கையில் இறந்துபோயின. "இப்ப நிஜமா எவ்வளவு எண்ணுவாரு?"

"எங்க எண்ணுறது? பேசினாலே இழுக்குது. உக்காந்துகினேதான் தூங்குறாரு. காலைல ஒதடு நீலமா இருந்துச்சிக்கா. போவாதன்னேன். கேக்கல."

ஆட்டோ பிடித்து ஆலை வாசலுக்குப் போனோம். காவலாளி உள்ளே சொல்லி அனுப்ப, மேஸ்திரி வந்தார். நெற்றியில் விபூதி, மடிப்புக் கலையாத சட்டை, சாந்தமான முகம்.

"வாங்க அட்மின் மேடம்" என்றார்.

உலைக்காரரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வந்திருக்கிறோம் என்றேன். மேஸ்திரி போனை எடுத்து, அன்று காலை வந்த பதிவைப் போட்டார். ஆலை வாசலில், லாரிப் புழுதியில், அந்த நல்ல நாளின் குரல் ஏறிக்கொண்டே போனது. காகம் கரைந்தது.

"பாத்தீங்களா? எனக்கே இவ்ளோ வராது. இவனுக்கு இன்னா கொறை?"

கூடவே வெளியே வந்திருந்த உலைக்காரர் அவருக்குப் பின்னால், சுவரில் கை ஊன்றி நின்றிருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்கள் காதுவரை ஏறி இறங்கின. மனைவியைப் பார்த்து வேண்டாம் என்று கை அசைத்தார். வாய் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் அவரே போய்விடுவார். அவள் முந்தானையை வாயில் அழுத்தினாள். பிறகு எடுத்தாள்.

"அது இவரு இல்ல சார். மருந்து வெச்சிகினு வந்த அன்னிக்கு இருந்தவரு. பழசப் போட்டு நான்தான் ஏமாத்தினேன்."

மேஸ்திரி கோபப்படவில்லை. உலைக்காரரிடம் திரும்பி உள்ளங்கையை மட்டும் நீட்டினார். கழுத்திலிருந்து கேட் பாஸைக் கழற்ற அவருக்கு வெகுநேரம் ஆனது. யாரும் உதவவில்லை. உதவ அவரும் விடவில்லை.

ஆட்டோவில் இருவருக்கும் நடுவே அவரை உட்கார வைத்தோம். என்னவோ சொல்ல வந்தார். "பேசாத, பேசாத" என்று நெஞ்சைத் தடவினாள் மனைவி. கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஆட்டோ நின்றது. என் போன் ஒலித்தது. குழுவில் முதல்முறையாக மேஸ்திரி பேசியிருந்தார்.

"நம்ம கம்பெனி ஆளுங்க எல்லாம் நாளைக்குக் காலைல கேட்டாண்ட வந்து, என் எதுருல எண்ணணும்."

எழுதுகிறார் என்ற குறி மட்டும் ஒவ்வொரு பெயருக்கும் தோன்றி, ஒன்றும் வராமல் மறைந்தது. உலைக்காரர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்து, வாய் பிளந்து, அடுத்த மூச்சுக்காகக் குனிந்திருந்தார். லாரி நகரவில்லை.