சம்பந்திக்கு எடுத்த விஸ்கிப் பாடம்

என் மகனுக்கு விஸ்கி தயாரிக்கிற கம்பெனியில் வேலை. குடிக்கிற வேலை இல்லை, தயாரிக்கிற வேலை. இந்த வித்தியாசத்தை எங்கள் பிள்ளையார்பாளையத்தில் விளக்கி விளக்கியே என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. இதில், தென்னேரியிலிருந்து அவன் விரும்புகிற பெண்ணின் அப்பா ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பினார். பையனும் பெண்ணும் ஏற்கெனவே பேசி முடிவு செய்துவிட்டவர்கள். அப்பாதான், சாராயக் கம்பெனிக்காரனுக்கா என் பொண்ணு என்று முறுக்கிக்கொண்டு நின்றார். பையன் கர்நாடகாவில் இருக்கிறான், லீவு கிடையாது. என் வீட்டுக்காரர் நாலு பேர் முன்னால் வாயே திறக்கமாட்டார். ஆக, நான்தான் பேசியாக வேண்டும். என் பேச்சு எடுபடவில்லையென்றால் கல்யாணம் இல்லை.

பேசுவதற்கு விஷயம் தெரிய வேண்டாமா? தறியில் உட்காரும்போதே போனை ஒரு பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டு மகனிடம் பாடம் கேட்க ஆரம்பித்தேன்.

முதல் பாடத்திலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பார்லியை ஊறவைத்து, முளைகட்ட விட்டு, காயவைத்து, அரைக்கிறார்களாம். டேய், இது கைக்குழந்தையில் உனக்கு நான் ஊட்டின கேழ்வரகுக் கஞ்சிடா என்றேன். அதேதாம்மா என்றான். முளைவிடும்போது மாவைச் சர்க்கரையாக மாற்றுகிற ஏதோ ஒன்று தானியத்துக்குள் பிறக்கிறதாம். கஞ்சி இனிக்கிறது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அப்புறம் அந்த இனிப்புத் தண்ணீரை ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்து, பெரிய செம்புப் பானையில் காய்ச்சி, ஆவியைப் பிடித்துக் குளிரவைக்கிறார்கள். செம்பு எதற்கு என்றேன். கெட்ட வாடையை அது இழுத்துக்கொள்ளுமாம். வந்து விழுவதற்கு நிறமே இருக்காதாம், பச்சைத் தண்ணீர் மாதிரி. ஓக் மரப் பீப்பாயில் வருஷக்கணக்கில் கிடந்த பிறகுதான் பொன்னிறம், வாசனை எல்லாம். நிறம் போதவில்லையென்றால் கருக்கின சர்க்கரை சேர்க்கிற கம்பெனிகளும் உண்டாம். அட, நூலுக்குத்தான் சாயம் போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

அந்தக் காலத்தில் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கம் மடத்துச் சாமியார்கள் இதை மருந்தாகக் காய்ச்சினார்களாம். 'உயிர்த் தண்ணீர்' என்று பெயராம். அப்புறம் அரசாங்கம் வரி போட்டதும் ஜனங்கள் மலை இடுக்கில் திருட்டுத்தனமாகக் காய்ச்சியிருக்கிறார்கள். பீப்பாயிலிருந்து வருஷா வருஷம் கொஞ்சம் ஆவியாகிப் போய்விடும். அது தேவதைகளின் பங்காம். நம்ம ஊர் வெயிலில் அந்தப் பங்கு இன்னும் ஜாஸ்தியாம். தேவதைகளே குடிக்கும்போது சம்பந்தி என்ன சொல்லப்போகிறார் என்றார், பக்கத்துத் தறியிலிருந்து என் வீட்டுக்காரர். நாலு பேர் முன்னால்தான் பேச்சு வராது, என்னிடம் நன்றாக வரும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். வெள்ளை வேட்டி, சிரிக்காத முகம். கையில் காபியைக் கொடுத்துவிட்டு ஆரம்பித்தேன் பாருங்கள்! பார்லி, செம்பு, பீப்பாய், சாமியார், தேவதை, ஒன்றையும் விடவில்லை. எனக்கே பெருமை தாங்கவில்லை. சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனதை நான் கவனிக்கவில்லை. நான் முடித்ததும் பாதிக் காபியோடு டம்ளரைக் கீழே வைத்தார்.

"இவ்ளோ ஆசையா சொல்லிக்கினு இருக்கீங்களேம்மா. இந்த வீட்டுல அது மேல யாருக்குமே பயம் இல்லையா? பையன் குடிப்பாரா?"

அத்தனை பாடம் கேட்டவள் அதை மட்டும் கேட்கவில்லை. மறதியால் இல்லை. போனைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, நீங்களே கேளுங்கள் என்று நீட்டினேன். வேலையில் வாயில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுவேன் என்றான் மகன். கொஞ்சம் தயங்கினான். நண்பர்களோடு எப்போதாவது ஒரு கிளாஸ் குடிப்பதுண்டு, உங்களிடம் பொய் சொல்லமாட்டேன் மாமா என்றான்.

போச்சு, எல்லாம் போச்சு. கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. இனி என்ன மறைப்பது?

"அவன் அந்த வேலையில சேந்த நாள்லேருந்து எனக்கு பயம்தாண்ணா," என்றேன். "இந்தக் குடியால எங்க தெருவுல எத்தினி தறி நின்னு போயிருக்குது, நான் பாக்காததா? என்ன சொல்லுவானோன்னுதான் அவனைக் கேக்கவேயில்ல."

அவர் டம்ளரை எடுத்து, ஆறிப்போன மிச்சக் காபியைக் குடித்தார்.

"எனக்கும் அதே பயம்தாம்மா," என்றார். "ரெண்டு பேருமா சேந்து பாத்துக்கலாம்." தை பிறந்ததும் நாள் குறிக்கலாம் என்று எழுந்துகொண்டார்.

போன் இன்னும் ஸ்பீக்கரில்தான் இருந்தது. நான் மறந்தேபோயிருந்தேன்.

"இத்தினி பேசினியேம்மா," என்றான் மகன். குரல் இறங்கியிருந்தது. "பயமா இருக்குதுன்னு ஒரு நாளும் சொல்லலியே."

நான் போனை எடுப்பதற்குள் என் வீட்டுக்காரர் அதன் பக்கம் குனிந்தார், சம்பந்தி முன்னாலேயே.

"நீ கேக்கவேயில்லியேடா," என்றார்.