என் பைக்குள் அடித்த மணி

ஏகாம்பரம், தயாளன், நான் என ஓய்வு பெற்ற நண்பர்கள் மூவர் காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குப் போனோம். காலையில் ஓவியக் கண்காட்சி, பிறகு தி. நகரில் துணிக்கடை. தறிச் சத்தத்துக்கு நடுவே வாழ்பவர்கள் துணி வாங்கச் சென்னைக்குப் போனது தனிக் கூத்து.

அரசு அலுவலகத்தில் விதிமுறைகளைக் கரைத்துக் குடித்தவன் என்பதால் ஏற்பாடெல்லாம் என்னுடையது. கூட்டத்தில் திருட்டுப் போகக்கூடாதென்று இருவரின் போனையும் பர்ஸையும் வாங்கி என் தோள்பையில் வைத்துக்கொண்டேன். வழி தவறினால் நின்ற இடத்தைவிட்டு நகரக்கூடாது என்றும் உத்தரவிட்டேன்.

கடைக்குள் ஏகாம்பரத்தைக் காணவில்லை. சர்க்கரை நோயாளி. காலையில் இன்சுலின் ஊசி போட்டவர், மதியம் சாப்பிடவில்லை. கண்காட்சியை முடித்துவிட்டுத்தான் சாப்பாடு என்று நான்தான் இழுத்தடித்திருந்தேன். பதறிப்போய் அவர் எண்ணை அழைத்தேன். மணி என் தோளிலேயே அடித்தது.

"இன்னாபா, உன் பைக்குள்ளயா கீறாரு?" என்றார் தயாளன்.

மாடி மாடியாகத் தேடினோம். மேல்மாடியில் லிஃப்ட் அருகே, உடம்பெல்லாம் வியர்த்து, சுவரோரம் சரிந்து கிடந்தார். விற்பனைப் பெண் ஒருவர் அவருக்கு ஜூஸ் புகட்டிக்கொண்டிருந்தார்.

"கண்ணு இருட்டிக்கினு வந்துச்சுப்பா. எதிர்லயே ஜூஸ் கடை. பர்ஸு உங்கிட்ட. நவுரக்கூடாதுன்னும் நீதான சொன்ன," என்றார், கோபமே இல்லாமல்.

பையைத் திறந்து அவர் பர்ஸையும் போனையும் எடுத்து அவர் கையில் வைத்தேன்.

இப்போது நான் யார் பொருளையும் வாங்கி வைப்பதில்லை. உடன் வருபவர் சாப்பிட்டாரா என்றுதான் முதலில் கேட்பதென்று முடிவு செய்திருக்கிறேன். கேட்கத்தான் ஆளில்லை. போன வாரம் அவர்கள் இருவரும் மறுபடியும் சென்னைக்குப் போய்வந்தார்களாம். தயாளன் வீட்டார் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.