லிஸ்பனில் ஒரு தரம், ரெண்டு தரம்

லிஸ்பன் நகரத்தில் மீன் வாங்க வாய் தேவையில்லை. சூப்பர் மார்க்கெட்டில் நம்பர் சீட்டு ஒன்றைக் கிழித்துக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். பலகையில் நம் நம்பர் வந்ததும் மீனை விரலால் காட்டினால் போதும். "நேத்து மீனா இது?" என்ற சண்டை கிடையாது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்துவிட்டுக் களைத்து வரும் எனக்கு இது சொர்க்கம். என் கணவர் அந்தோணிக்கு மட்டும் அந்த வரிசையில் நிற்பது துக்க வீட்டில் நிற்பது மாதிரி.

அதற்குக் காரணம் உண்டு. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விட்டவர் அவர். படகு கரைக்கு வந்து மீனைக் கொட்டியதும் அவர் எழுப்பும் குரலில் ஐஸ் உடைக்கிறவர்கள்கூடக் கையை நிறுத்திவிடுவார்கள். நான் அவரைக் கட்டியதே அந்தக் குரலுக்காகத்தான் என்று என் தங்கச்சி இன்றும் கேலி செய்வாள். பொய்யில்லை. எனக்கு இங்கே வேலை கிடைத்ததும், மகள் ஷெரினோடு அவரும் வந்து சேர்ந்தார். போர்த்துக்கீசிய வகுப்பில் எண்களை மட்டும் ஒரே மூச்சில் படித்தார். ஏலக்காரர் அல்லவா! வாக்கியம் வந்ததும் வகுப்பை விட்டுவிட்டார். அதன்பிறகு வீட்டிலும் பேச்சு குறைந்துகொண்டே போனது.

ஒருநாள் சோறு தின்றுகொண்டிருக்கும்போது சொல்லிவிட்டார். "ஏளா, மாதா திருவிழாவுக்கு ஊருக்குப் போனா நான் திரும்ப மாட்டேன். நீயும் பிள்ளையும் இருங்க. இங்கன நான் ஊமையால்லா இருக்கேன்." எனக்கு வேலையும் வேண்டும், புருஷனும் வேண்டும். இரண்டில் ஒன்று என்றால் எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். அந்தக் கோபத்தோடுதான் அந்த மே மாதச் சனிக்கிழமை அவரையும் ஷெரினையும் வெளியே இழுத்துக்கொண்டு போனேன்.

அன்று மாலை ஊரிலுள்ள அருங்காட்சியகங்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி இலவசம். "ஓசின்னா கூட்டம் கெடக்குமே" என்றார், கொஞ்சம் ஆசையாகவே. கூட்டத்தைப் பார்த்து அவருக்கு நெடுநாளாயிற்று. முதலில் ராஜாக்களின் கோச்சு வண்டிகளைப் பார்த்தோம். தங்க முலாம் பூசி, தேவதைகள் செதுக்கிய வண்டிகள். வெளிநாட்டார் வாயைப் பிளந்து நிற்க, இவர் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நம்ம மாதா தங்கத் தேருக்கு முன்னால இதெல்லாம் சும்மா" என்று தீர்ப்புச் சொன்னார். தமிழ் தெரியாத காவலாளி, பாராட்டு என்று நினைத்து நன்றி சொன்னார்.

அடுத்து ஆற்றங்கரையில் ஒரு சின்ன மீன்பிடி அருங்காட்சியகம். உள்ளே வழிகாட்டிப் பெண் ஒருத்தி, களிமண் மீன்களைப் பரப்பி வைத்து, பிள்ளைகள் கையில் சிப்பிகளைக் காசாகக் கொடுத்து ஏதோ விளையாட்டு நடத்திக்கொண்டிருந்தாள். அவள் பேச்சில் "லெய்லாவ்" என்று ஒரு சொல் விழுந்தது. இவர் என் கையைப் பிடித்தார்.

"ஏலம்னு சொல்லுதா."

"இல்லங்க, அது அவங்க வார்த்த."

"அவ வார்த்தையோ நம்ம வார்த்தையோ, ஏலம்தாம்ளா."

ஏலம்தான். அங்கேதான் கோளாறே. நம் ஊரில் ஏலம் என்றால் விலை ஏறும். இவர்கள் ஊர் மீன் ஏலத்திலோ மேலே தொடங்கி இறங்கிக்கொண்டே வருவார்கள். எவர் முதலில் "ஷுய்" என்கிறாரோ அவருக்கு மீன். இது எங்களுக்குத் தெரியாது. அந்தப் பெண் இருபது, பத்தொன்பது என்று இறங்கி வர, இவர் முகம் கறுத்தது. "என்னளா, கொறைச்சிக்கிட்டே போறா? படகுக்காரன் வயிறு எரியாதா?" என்றார். பத்துக்கு வந்ததும், தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் "ஷுய்" என்றார். விற்பனை அதோடு முடிந்தது. இவருக்கோ அது முதல் ஏலக் கேள்வி, இனிமேல்தான் விலை ஏற வேண்டும்.

ஷெரின் அவர் சட்டையைப் பிடித்து இழுப்பதற்குள் இவர் முன்னால் போய்விட்டார். "பத்து சிப்பி, ஒரு தரம்!" என்று துறைமுகத்துக் குரலில் எடுத்தார். கட்டிடமே நின்றது. பெரியவர் திகைத்துப் போய் மறுபடி "ஷுய்" என்றார். அதையும் அடுத்த கேள்வியாக எடுத்துக்கொண்டு "தோஸ்!" என்றார் இவர். போர்த்துக்கீசில் பன்னிரண்டு. "தோஸ், ஒரு தரம்! தோஸ், ரெண்டு தரம்!" பின்னால் ஓர் அம்மாள் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினாள். "கின்ஸ்!" என்றாள், பதினைந்து. அதற்குமேல் கேட்கவா வேண்டும்? பிள்ளைகள் சிப்பிகளைச் சேர்த்துக் கூட்டு வைத்தார்கள், பெரியவர் விட்டுக்கொடுக்கவில்லை, பக்கத்து அறையில் இருந்தவர்களெல்லாம் ஓடி வந்தார்கள். "மூணாந்தரம்" என்று இவர் கையைத் தட்டி முடித்தபோது, கூட்டம் முழுக்கத் தங்கள் நாக்குக்கு வந்தபடி "மூனாந்தரம்" என்று கத்தியது. எனக்கு வெட்கமும் வந்தது, பெருமையும் வந்தது. பெருமைதான் ஜெயித்தது. கண்ணைத் துடைக்கக்கூட மறந்து நின்றேன்.

மேசையிலிருந்த மீன் அத்தனையும் விற்ற பிறகுதான் விட்டார்கள். வழிகாட்டிப் பெண் இவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ நீளமாகப் பேசினாள், கூட்டத்தின் இரைச்சலில் எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. வழியனுப்புகிறாள் என்று நினைத்து இவர் கும்பிட்டு, "சரி தாயி, வாரேன்" என்றார். பள்ளிக்கூடத்தில் போர்த்துக்கீசியம் பழகிவிட்ட ஷெரின் அதை உள்ளது உள்ளபடி மொழிபெயர்த்தாள். அந்தப் பெண் துள்ளிக் குதிக்காத குறைதான்.

டிராமில் ஏறிய பிறகு ஷெரின் விளக்கினாள். சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு இப்படி ஏலம் நடத்த வர முடியுமா என்று அந்த வழிகாட்டிப் பெண் கேட்டிருக்கிறாள்.

"ஐயோ, நான் போய்ட்டு வாரேன்னுல்லா சொன்னேன்."

"வாரேன்னா வாரேன்தானப்பா."

'போறேன்' என்று சொல்லி விடைபெறும் வழக்கம் நமக்கு ஏது? அவர் என் பக்கம் திரும்பி, "மூணாந்தரம் சொன்னப்பெறவு மாத்துனா அவன் ஏலக்காரனா? சொன்னா சொன்னதுதான்" என்றார்.

மறுநாள் ஊரிலிருந்து அவர் கூட்டாளி சவரி போனில் கூப்பிட்டார். "ஏலே, எப்பம்ல வார?"

இவர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "மாதா திருவிழாவுக்கு வாரேம்லே. ஆனா தங்க முடியாது. இங்கன ஏலத்துக்கு மாத்தாள் கிடையாது பாத்துக்க."