அத்தை கேட்ட வௌவால்

எனக்கு மூச்சு இழுப்பு என்று தெரிந்த நாளிலிருந்து கோவில்பட்டியில் வைத்தியம் தெரியாத ஆளே இல்லை என்றாகிவிட்டது. பால்காரர் ஆடாதோடை என்றார். அடுத்த வீட்டில் தூதுவளை என்றார்கள். தபால்காரர்கூடக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, வெற்றிலையில் மிளகை மடித்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் சைக்கிளில் ஏறினார். எல்லாவற்றையும் தின்றேன். நான் தின்ற தழைக்கு ஒரு வெள்ளாடு கொழுத்திருக்கும். பருத்தி வெடிக்கிற மாசம் வந்ததும் இழுப்பு மட்டும் தவறாமல் வந்து சேர்ந்தது.

எனக்கு ஒன்பது வயது நடக்கும்போது அத்தை வௌவாலைக் கண்டுபிடித்தாள். அத்தை அப்பாவுக்கு அக்கா. அவள் பேச ஆரம்பித்தால் அப்பா நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிடுவார். பழந்தின்னி வௌவாலின் கறியை மிளகு தூக்கலாகப் போட்டு ஒரே ஒரு தடவை கொடுத்தால் போதும், இழுப்பு இருந்த இடம் தெரியாது என்றாள். இதில் எரிச்சல் என்னவென்றால், அத்தை ஏதோ வேண்டுதலுக்காகக் கவுச்சியை விட்டுப் பல வருஷமாகியிருந்தது. மீன் கழுவிய தண்ணீர் வாடை வந்தாலே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். வௌவால் எனக்கு மட்டும்தான்.

டாக்டர் ஊசியையே இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போமே என்று அம்மா மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். மூன்று வருஷமாக ஊசி போட்டு என்னத்தைக் கண்டோம் என்று அத்தை கேட்டாள்.

வௌவால் பிடிக்கும் பொறுப்பு அம்மாவின் தம்பி, என் மாமாவின் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சொல்வதுகூடத் தப்பு. அவரே இழுத்துப் போட்டுக்கொண்டார். மாமாவுக்குப் பருத்தித் தரகு. ஊர் ஊராகப் போகிறவர் என்பதால், விளாத்திகுளம் வரைக்கும் எந்த மரத்தில் எது தொங்குகிறது என்று தனக்குத் தெரியும் என்று நெஞ்சைத் தட்டினார். “அடுத்த ஞாயித்துக்கெழம வவ்வாலோட வாரேன் மதினி” என்று அத்தையிடம் வாக்கும் கொடுத்துவிட்டார்.

வௌவாலுக்குப் போகிறவர் தனியாகப் போகக்கூடாதா. நோயாளியின் கண் முன்னால் பிடிப்பதுதான் விசேஷம் என்று அத்தை சொல்லிவிட்டாள். ஆக, புழுதி ஆகாத என்னை மாமாவின் பழைய மோட்டார் சைக்கிளில் உட்காரவைத்து, கரிசல் காட்டுப் புழுதியெல்லாம் குடிக்கவைத்தார்கள்.

முதல் ஞாயிறு கடம்பூர்ப் பக்கம். மாமா சொன்ன புளியமரம் போன வருஷமே விறகாகியிருந்தது. இரண்டாம் ஞாயிறு விளாத்திகுளம் போகிற வழியில் ஒரு பாழடைந்த மண்டபம். உள்ளே பெருவிரல் அளவு வௌவால்கள், மூக்கைத் துளைக்கிற நாற்றம். எனக்கு அங்கேயே இழுப்பு வந்துவிட்டது. வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை, அது சின்ன சாதி, பலிக்காது என்றாள்.

மூன்றாம் ஞாயிறு பசுவந்தனையைத் தாண்டி ஒரு சின்ன ஊர். கண்மாய்க் கரையில் ஒரு ஆலமரம். அதில் இலையைவிட வௌவால்தான் அதிகம் இருந்தது. மாமா வண்டியை நிறுத்தி முழுதாக மூச்சு விடவில்லை, பக்கத்து வீட்டு முற்றத்தில் கோழிகளுக்குக் கம்பு இறைத்துக்கொண்டிருந்த பெண் எங்களிடம் வந்துவிட்டாள். அந்த வௌவால்கள் ஊர் அம்மனுக்கு உரியவையாம். சுற்று வட்டாரமே வெடியும் தீப்பெட்டியும் செய்து பிழைக்கிற சீமையில், அந்த ஊரில் மட்டும் தீபாவளிக்கு ஓர் ஓலை வெடிகூடப் போடமாட்டார்களாம்.

“வேடிக்க பாக்க வந்தியன்னா பாத்துட்டுப் போங்க அண்ணாச்சி. கல்லு கில்லு எறிஞ்சா எங்க ஊருக்காரவிய கைய முறிச்சிருவாவ.”

பிள்ளைக்குப் பாடத்தில் வருகிறது, அதைக் காட்டத்தான் வந்தோம் என்று மாமா கூசாமல் புளுகினார். புளுகிய பிறகு பார்க்காமல் இருக்க முடியுமா. கரையில் துண்டை விரித்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

எரிச்சலோடுதான் பார்க்க ஆரம்பித்தேன். வெயிலுக்கு அவை ஒற்றைச் சிறகால் விசிறிக்கொண்டன. பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கத்தின. ஒன்றுக்குப் போகும்போது மட்டும் நிமிர்ந்து தொங்கிவிட்டு, முடிந்ததும் பழையபடி தலைகீழானது ஒன்று. அவ்வளவு பெரிய உடம்பைத் தீக்குச்சிக் கனத்துக்கு இரண்டு கால்கள் தாங்குவதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாழ்ந்த கிளையில் ஒரு தாய், சிறகுக்குள் குட்டியை மூடி வைத்திருந்தது. குட்டி தலையை நீட்டி என்னைப் பார்த்தது.

நான் மாமாவின் சட்டையைப் பிடித்தேன். “இதுல ஒண்ண நீங்க பிடிச்சியன்னா, சாகுமட்டும் உங்ககூடப் பேசமாட்டேன்.”

மாமா என்னைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், பிறகு கழுத்தைச் சொறிந்தார். “ஏட்டி, இங்கனயே இரு. அசையாத” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்ணின் வீட்டுப் பக்கம் போனார்.

பொழுது இறங்கி, வௌவால்கள் கண்மாய்க்கு மேலே கூட்டம் கூட்டமாகக் கிளம்பும்போது திரும்பி வந்தார். கையில் பனையோலைப் பொட்டலம், அடியில் ரத்தம் கசிந்திருந்தது. கரைக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் வலை போட்டிருந்தான், வெளியில் மூச்சுவிடாதே என்றார். கிளம்பும்போது அந்தப் பெண், கோழிகளைக் கூட்டில் அடைத்துவிட்டு வந்து, வண்டியில் தொங்கிய பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே, பிள்ளைக்குச் சீக்கிரம் குணமாகட்டும் என்று வாழ்த்தினாள். கல் எறிந்தால் கையை முறிப்பார்களாம், கறியாக்கிக் கொண்டுபோனால் வாழ்த்துவார்களாம். மாமாவும் கள்ளன், ஊரும் கள்ள ஊர் என்று வழி நெடுக அழுதேன்.

அம்மா பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே பார்த்துவிட்டு மாமாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அம்மியில் மிளகை வைத்து அரைக்க ஆரம்பித்தாள். அவளாவது முடியாது என்பாள் என்று நம்பியிருந்த எனக்கு அது பெரிய இடி. அத்தை அடுப்படிக்குள் வராமல், மூக்கைப் பொத்திக்கொண்டு வாசற்படியிலேயே காவல் நின்றாள். அம்மா அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சோற்றுக்குள் கறியைப் புதைத்து என் முன்னால் வைத்தாள்.

“கண்ண மூடிக்கிட்டுத் தின்னுரு. ஒண்ணும் செய்யாது.”

குட்டியின் முகத்தை நினைத்துக்கொண்டே தின்றேன். அம்மாவோடு ஒரு வாரம் பேசவில்லை. மாமாவோடு இரண்டு வருஷம். வரும்போதெல்லாம் அவர் வாங்கி வந்த கடம்பூர்ப் போளியை நான் தொட்டதில்லை. கூப்பிட வேண்டி வந்தால் வெறுப்போடு வௌவால் மாமா என்பேன். அதற்கும் அவர் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார்.

இழுப்பு அது பாட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அத்தையை அப்புறம் கையில் பிடிக்க முடியவில்லை. தெருவில் யார் இருமினாலும் வௌவால் என்றாள். எல்லோரும் மாமாவைத் தேடி வந்தார்கள். மாமாவும் ஒவ்வொரு தடவையும் சளைக்காமல் பசுவந்தனைப் பக்கம் போய் ஓலைப் பொட்டலத்தோடு வந்தார். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் அந்த ஆலமரத்தில் ஒன்று குறைந்ததாக நான் மனசுக்குள் கழித்துக்கொண்டு, அந்த மனுஷனைச் சபித்தேன்.

அந்த வீட்டில் வௌவாலின் தீக்குச்சிக் காலை இரண்டு மணி நேரம் உற்றுப் பார்த்த ஆள் நான் ஒருத்திதான். அன்றைக்குத் தட்டின் ஓரத்தில் நான் கடித்துத் துப்பிய தொடை எலும்பு என் கட்டைவிரல் கனம் இருந்தது. அதைக் கையில் எடுத்து, பாவம், எவ்வளவு பெரிய வௌவாலோ என்று அழுதேன்.