பிரேக் சாரின் தூக்கம்

எங்கள் டயாலிசிஸ் பிரிவில் அவருக்கு பிரேக் சார் என்று பெயர். முப்பது வருடமாக டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். பழகுகிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, இவர் பக்கத்து இருக்கையில் தனக்கென்று இருக்கும் இன்னொரு பிரேக்கில் கால் வைத்து உட்கார்ந்திருப்பார். சிறுநீரகம் இரண்டும் போன பிறகும் வேலையை விடவில்லை. வாரத்தில் மூன்று நாள் காலை எங்களிடம் நாலு மணி நேரம் ரத்தம் சுத்தமாகும். மற்ற நாளெல்லாம் கார்.

நான் அங்கே தலைமை நர்ஸ். பதினெட்டு வருட அனுபவம், அதைவிடப் பெரிய வாய். என்னைக் கேட்டால் நோயாளிகள் இரண்டே வகை: தொல்லை கொடுப்பவர்கள், பிரேக் சார். மற்றவர்கள் ஏசி குளிருது என்பார்கள், டிவி சத்தம் என்பார்கள். இவர் ஊசி ஏறிய ஐந்தாவது நிமிடம் கும்பகர்ணன். குறட்டையைக் கேட்டு நாங்கள் சிரிப்போம். மாதாமாதம் டாக்டருக்குப் போகும் தாளில் தூக்கம் என்று ஒரு கட்டம் உண்டு. இரண்டு வருடமாக அதில் என் கையாலேயே 'மிக நன்று' என்று எழுதினேன். "அவரைப் பார்த்துக் கத்துக்கோங்க" என்று மற்றவர்களுக்கு உபதேசம் வேறு.

நாற்பத்து நாலு வயதில் எனக்குக் கார் ஓட்டும் ஆசை வந்தது. வேறு யாரிடம் போவேன்? முதல் ஐந்து வகுப்பும் திட்டுதான். "ஊசி குத்துற கை இப்படியா நடுங்கும், சிஸ்டர்?" என்பார். ஆறாவது வகுப்பில் ஒரு திட்டும் இல்லை. ரவுண்டானாவைச் சுற்றினேன், தப்பான கியரில் மேடு ஏறினேன், வாத்தியார் வாயே திறக்கவில்லை. தேறிவிட்டேன் என்று எனக்கு உச்சி குளிர்ந்தது.

சிக்னலில் நின்றபோது, "எப்படி சார்?" என்று திரும்பினேன். தலை தொங்கிக் கிடந்தது. குறட்டை வந்தது, பிறகு அதுவும் நின்றது. மூச்சே இல்லை. தொழில் பழக்கத்தில் எண்ண ஆரம்பித்தேன். இருபத்தொன்று எண்ணிய பிறகுதான் ஒரு திணறலோடு மூச்சு திரும்பியது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன.

எப்படியோ ஓரங்கட்டி அவரை எழுப்பினேன். "ராத்திரி எவ்வளவு நேரம் சார் தூங்குறீங்க?"

"உங்க தாள்ல மிக நன்றுன்னு இருக்கே."

"நான் வீட்டுல தூங்குறதைக் கேக்குறேன். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க."

ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "படுத்தா காலுக்குள்ள ஏதோ ஊர்ற மாதிரி இருக்கும்மா. எழுந்து நடந்துக்கிட்டே இருப்பேன். கொஞ்சம் கண் அசந்தா மூச்சு முட்டி எழுந்திருவேன். உங்க டயாலிசிஸ் நாற்காலில மட்டும்தான் தூக்கம். டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க. காரை விட்டு இறக்கிடுவாரு. அப்புறம் நான் யாரு?"

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. என் மேல் அதைவிட வந்தது. நித்திரை சுகம் அறியாது என்று சும்மாவா சொன்னார்கள்? கையில் இரண்டு ஊசியோடு ஒரு மனிதர் அடித்துப் போட்டதுபோல் தூங்கினால், அவர் வீட்டில் தூங்கவில்லை என்று எனக்கல்லவா உறைத்திருக்க வேண்டும்? நான் அதற்குச் சமர்த்து என்று பெயர் வைத்தேன்.

அன்றைக்கே டாக்டரிடம் போட்டு உடைத்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "டயாலிசிஸ்ல இருக்கிறவங்களுக்குத் தூக்கம் கெட்டா, அது ஆயுசையும் சேர்த்து அரிச்சிடும் சிஸ்டர். உடனே வரச் சொல்லுங்க." தூக்கப் பரிசோதனை நடந்தது. காலுக்கு மருந்து, படுக்கும்போது முகத்தில் மாட்டிக்கொள்ளக் காற்று மெஷின். சரியாகும்வரை காரைத் தொடக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

பிரேக் சார் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. கையை நீட்டுவார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். நானும் சளைத்தவள் இல்லை. தூக்கத்தை இங்கேயே தீர்த்துவிட்டால் ராத்திரிக்கு என்ன மிஞ்சும்? அவர் கண் சொருகும்போதெல்லாம் தோளைத் தட்டினேன்.

"மனசாட்சி இருக்கா உங்களுக்கு?" என்றார் ஒருநாள்.

"இருக்கு சார். கொஞ்சம் லேட்டா வந்துச்சு."

சிரிக்கக் கூடாது என்று பார்த்தார், முடியவில்லை. அதன்பிறகு நாற்காலியில் உட்கார்ந்தபடியே எனக்கு ரோடு விதிகளைக் கற்றுக்கொடுத்தார். திட்டும் பழையபடி கிடைத்தது.

மூன்றாவது மாதம் ஒரு காலை, ஏழரை ஆகியும் அவர் வரவில்லை. ஏழு மணிக்கு ஒரு நிமிடம்கூடப் பிந்தாத மனிதர். எங்கள் பிரிவில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தால் ஏன் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டோம். வேறு வேலை இருப்பதுபோல் நடப்போம். என் போன் அடித்தது. அவர் மனைவி. குரல் தாழ்ந்திருந்தது.

"சிஸ்டர், அவரு இன்னும் எழுந்திருக்கல."

"மூச்சு வருதா?"

"ஒழுங்கா வருது. நேத்து பத்து மணிக்குப் படுத்தவரு, ஒரு தடவைகூட எழுந்து நடக்கல. நான் பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கேன். எழுப்பட்டுமா?"

காத்திருந்த இன்னொருவரை அந்த நாற்காலியில் உட்காரச் சொல்லிக் கை காட்டினேன்.

"எழுப்பாதீங்க அக்கா. மத்தியானத்துக்கு இடம் போட்டு வைக்கிறேன். தூங்கட்டும்."