வட்டு எறிதலில் முதலிடம்

பிளேடின் முனையைச் சான்றிதழ் உறையின் மூலையில் செருகி மெல்ல நெம்பினார் அப்பா. பிளாஸ்டிக் கிளம்பியது, கூடவே காகிதத்தின் மேல்தோலும் உரிந்து வந்தது.

"போதும்ப்பா, விடுங்க," என்றாள் மகள்.

"இரும்மா. சூடு காட்டினா விட்டுக்கொடுக்கும்."

இஸ்திரிப் பெட்டியை வைத்தார். 'வட்டு எறிதலில் முதலிடம்' என்ற வரி குமிழ் விட்டுச் சுருங்கியது. மூன்று சான்றிதழும் இப்படியே போயின.

காலையில் கல்லூரி அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அசலின் பின்பக்கம் முத்திரை குத்த வேண்டும், பிளாஸ்டிக்கில் மை நிற்காது. விளையாட்டுச் சங்கத்தில் வேறு பிரதி கேட்டால் இரண்டு மாதமாம். விண்ணப்பத்துக்கு மறுநாள் கடைசி. மதிப்பெண்ணை மட்டும் வைத்து அவளுக்கு அங்கே இடம் கிடைக்காது. வட்டைத்தான் நம்பியிருந்தாள்.

இருபது வருஷமாகக் கடை வைத்து, நகல் எடுத்தும் லேமினேஷன் உறை போட்டும் பிழைக்கிறவர் அவர். இளவயதில் அவருடைய பள்ளிச் சான்றிதழைச் செல் அரித்துவிட்டது. அச்சகத்து வேலைக்குப் போனபோது மிச்சமிருந்த துண்டைப் பார்த்துவிட்டு வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். அன்று பிடித்த பித்து. தடுப்பூசிச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் உறைக்குள் போயின. "நான் கொஞ்சம் அசந்தா என்னையும் மெஷின்ல விட்டு எடுத்துடுவாரு," என்பாள் மனைவி. மகள் ஜெயித்து வரும் நாளில் மெஷினைச் சூடாக்கி வைத்துக் காத்திருப்பார். மைதானத்து மண்ணைக் கழுவக்கூட விடமாட்டார், சான்றிதழைப் பிடுங்கிக்கொள்வார்.

மனைவி பீரோவின் அடித்தட்டைத் துழாவி இரண்டு கசங்கிய தாள்களை எடுத்தாள்.

"இது ரெண்டும் உங்க கையில சிக்காம தப்பிச்சிருக்கு."

மரம் நடும் குழு. கையெழுத்துப் போட்டி, 'கலந்துகொண்டார்'. கலந்துக்கிட்டதுக்கெல்லாம் உறை தண்டம் என்று அவர்தான் ஒதுக்கியிருந்தார்.

விண்ணப்பத்தில் 'படிப்பு தவிர்த்த ஈடுபாடுகள், இரண்டு மட்டும்' என்றிருந்தது. மகள் அந்த இரண்டையும் எழுதினாள். எவ்வளவு காலம் என்ற கட்டத்தில் கொஞ்சம் யோசித்து, 'ஒரு நாள்', 'ஒரு நாள்' என்று நிரப்பினாள். வட்டு வீசியது ஏழு வருஷம்.

"வட்டையும் ஒரு ஓரமா எழுதேன்மா."

"அசல் இல்லாம எழுதினா பொய்னு மொத்தமா தள்ளிடுவாங்கப்பா."

"என்னை நாலு வார்த்தை திட்டிடு."

"திட்டினா உரிஞ்சு வந்துடுமா?"

மேஜையில் கிடந்த பிளாஸ்டிக் சுருள்களை அவளே கூட்டி அள்ளினாள்.

மறுநாள் மகள் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்தாள். அலுவலகத்தில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். அவர் வழக்கம்போல ஒன்பது மணிக்குக் கடையைத் திறந்தார். ஒரு பெண் மகனின் நீச்சல் சான்றிதழைக் கொண்டுவந்து உறை போடச் சொன்னாள். அசல் அப்படியே இருக்கட்டும், நகலுக்குப் போட்டுத் தருகிறேன் என்றார். நகலைச் சுவரில் மாட்டினால் எடுபடாது என்று சொல்லி அவள் எதிர்க்கடைக்குப் போனாள். மெஷின் சூடேறியிருந்தது. அணைத்தார்.