ஓட்டத்தில் ஒரு கும்பிடு

ஓட ஆரம்பித்த முதல் வாரமே எனக்கு வேகம் வேண்டியிருந்தது. வீட்டிலிருந்து பக்கத்துக் கிராமமான முசரவாக்கம் வரை நிற்காமல் ஓடிவிட வேண்டும் என்று ஆசை. ஆனால் பாய்ந்து கிளம்பி, வழியில் வரும் ஒவ்வொரு கோயில் வாசலிலும் நின்று கும்பிடுவேன். காஞ்சிபுரத்தில் கோயிலுக்கா பஞ்சம்? கூட ஓடிவரும் அத்தர் கடை நண்பன் நான்காம் நாள் கேட்டேவிட்டான்.

“இன்னாபா, சாமி கும்பிடுறியா, மூச்சு வாங்கிக்கினு இருக்கியா?”

“ரெண்டும்தான்.”

“மெதுவா ஓடு. என்கூட பேசிக்கினே வரணும், அவ்ளோ மெதுவா. ஸ்பீடெல்லாம் அப்பால பாத்துக்கலாம்.”

அன்றிலிருந்து கதை பேசிக்கொண்டே ஓடினோம். பூக்கூடையோடு நடந்துபோன அம்மாகூட ஒருநாள் எங்களை முந்தினார். மூன்றாவது மாதம் முசரவாக்கம் பெயர்ப்பலகையைத் தொட்டேன். வழியிலிருந்த சாமிகளுக்கெல்லாம் ஓடிக்கொண்டேதான் கும்பிடு போட்டிருந்தேன்.